நாகவல்லி தின்ன மறுத்தது

கோவிந்தராஜைப் பழிவாங்கத்தான் நாகவல்லி பாலையும் முட்டையையும் கறியையும் விட்டாள். அம்மனுக்கு ஏதோ வேண்டுதல் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். கனவில் சாமி வந்து சொன்னதாகக்கூட ஒரு பேச்சு இருந்தது. எனக்கு உண்மை தெரியும். அவள் அதைச் சொன்ன நேரத்தில் நான் அவள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் கிராம செவிலியர். எண்பத்து நான்கில் வெள்ளானூருக்கு மாற்றலாகி வந்தேன். திருநின்றவூரில் குடியிருந்துகொண்டு, ஆவடி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வந்துபோவேன். முட்டையைக்கூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிகளிடமும் கைக்குழந்தைக்காரிகளிடமும் முட்டை சாப்பிடுங்கள், முடிந்தால் மீன் சாப்பிடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வது என் உத்தியோகம். அதைக் கவனித்து முதலில் சிரித்தவள் நாகவல்லிதான்.

"நீங்க துன்னாம எங்கள துன்னச் சொல்றீங்களே நர்ஸம்மா, இது இன்னா நாயம்?" என்றாள்.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். உயரம், நல்ல கறுப்பு, பேசும்போது இடுப்பில் கைவைத்துக்கொள்வாள். அவள் குடும்பத்தார் அப்பா காலம் வரைக்கும் ஊரின் பெரிய நிலக்காரரான கோவிந்தராஜ் வீட்டு நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். புருஷன் துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை செய்தான். ஏரிக்கரைக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் நாகவல்லி கீரை போட்டாள். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை. காலையில் ஊருக்குள் நாலு தெரு சுற்றிவிட்டு, மீதியை ஆவடி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். நிலத்தோடு ஒரு கிணறு இருந்தது. ஏரியின் ஊற்று என்பதால் கோடையிலும் அதில் தண்ணீர் நிற்கும். குடிக்கவும் அதுதான், கீரைக்கும் அதுதான்.

நான் வந்த வருடமே கோவிந்தராஜ் அவள் நிலத்துக்கு மேல்புறம் கோழிப்பண்ணை வைத்தார். நீளநீளமாக மூன்று கொட்டகை, ஆயிரக்கணக்கில் கோழி. பக்கத்தில் சீமைப் பசுக்கள். ஏரி மீன் குத்தகையும் அவர்தான் எடுத்திருந்தார். ஊரில் பால், முட்டை, மீன் எது வாங்கினாலும் அவரிடம்தான் வாங்க வேண்டும். நாகவல்லியும் வாங்கினாள். அவளுடைய பெண் எல்லம்மாவுக்கு அவித்த முட்டை என்றால் உயிர். மஞ்சள் கருவை மட்டும் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவாள். அந்தக் குழந்தையின் எடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பண்ணைக் கழிவை வாய்க்கால் ஓரம் குவித்தார்கள். முதலில் ஈ வந்தது. பிறகு நாற்றம். நாகவல்லி போய்ச் சொன்னாள். கோவிந்தராஜ் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, சிரித்தார்.

"கோயி எரு நாகவல்லி. அவனவன் காசு குடுத்து வாங்கிகினு போறான். உன் கீரைக்குச் சும்மா வருது, உனுக்குக் கசக்குதா?"

எண்பத்தாறில் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. குவியல் கரைந்து வாய்க்காலில் இறங்கி, வாய்க்கால் உடைத்துக்கொண்டு அவள் கிணற்றில் விழுந்தது. நான் பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் எல்லம்மாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டிருந்தது. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே ஆவடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் நாகவல்லியின் தோளிலேயே குழந்தை அடங்கிவிட்டது. அவளுக்கு ஐந்து வயது.

காரியத்தன்று கோவிந்தராஜ் ஆள்மூலம் ஒரு கேன் பாலும் ஒரு அட்டை முட்டையும் அனுப்பினார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்திருப்பார். நாகவல்லி எழுந்து வந்து கேனைச் சாக்கடையில் கவிழ்த்தாள். முட்டைகளை அட்டையோடு அதே இடத்தில் வைத்து மிதித்தாள். அழவில்லை. வந்த ஆளின் கையில் வெறும் கேனைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அவன் பண்ணையில வர்றது எதுவும் எம் வாயில படாது. வேற எடத்துல வாங்குனாலும் அது அவன்து இல்லன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? அதனால எந்தக் கோயியும் வேணாம், எந்த மாடும் வேணாம், மீனும் வேணாம். போய்ச் சொல்லு."

கோவிந்தராஜை அவள் 'அவன்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ஒருத்தி தின்னாவிட்டால் பண்ணைக்காரனுக்கு என்ன வந்தது என்று துலுக்கானமே கேட்டான். அவள் அதோடு நிறுத்தவில்லை. கீரைக்கூடையை இறக்கிய ஒவ்வொரு வாசலிலும் பேசினாள். "அந்த முட்டைய ஒடச்சிப் பாருக்கா. எம் பொண்ணு மூஞ்சி தெரியும்" என்பாள். பெண்கள் நடுங்கிப்போனார்கள். பாதி வீடுகளில் பண்ணை முட்டை நின்றது. நான் ஒரு வீட்டில் முட்டை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால், பின்னாலேயே அவள் வந்து வேண்டாம் என்பாள். என் வேலையை அவள் கெடுத்தாள். ஆனாலும் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

எண்பத்தெட்டில் மறுபடி உண்டானாள். நான் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். பாலாவது குடி என்றேன்.

"கேவுரு கூய், வேர்க்கடலை, காராமணி, கீரை. இதுல இன்னா கொறச்சல்? நீங்க கறி மீன் துன்றதில்ல. நல்லாதானே கீறீங்க?"

"நான் தயிர் இல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்லை நாகவல்லி."

"தயிரு உங்களுக்குத் தயிரு. எனுக்கு அது அவன் ஊட்டுது."

அவள் சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேழ்வரகும் கீரையும் கடலையும் நல்ல உணவு என்று நானேதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரத்த விருத்திக்கு மாத்திரை கொடுத்தேன், விழுங்கினாள். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. வரலட்சுமி என்று பேர் வைத்தார்கள். தாய்ப்பால் நன்றாகச் சுரந்தது. ஆறு மாதத்தில் குழந்தை தவழ ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் உட்கார்ந்து கைதட்டியது.

அதற்குப் பிறகு கைதட்டுவது நின்றது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார வைத்தால் சரிந்தது. தலைமுடி மெலிந்து செம்பட்டையானது. விரல் முட்டிகள் மட்டும் கரி பூசியதுபோல் கறுத்தன. பிறகு ஒரு நாள் கை தானாக நடுங்க ஆரம்பித்தது. யாரோ செய்வினை என்றார்கள். கோவிந்தராஜ் வைத்த சூனியம் என்று நாகவல்லி நம்பினாள். எனக்கும் இது என்ன நோய் என்று தெரியவில்லை. இழுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு.

அங்கே இருந்த டாக்டர் அம்மா குழந்தையின் கையை விரித்து முட்டிகளை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழந்தையை விட்டுவிட்டுத் தாயைக் கேட்டார்.

"நீ என்ன சாப்பிடறே?"

நாகவல்லி சொன்னாள்.

"பால்?"

"இல்ல."

"மோர்கூட?"

"எதுவும் இல்ல."

"உனக்குக் கால் மரத்துப்போகுதா?"

நாகவல்லி என்னைப் பார்த்தாள். ஈரத்தில் நின்றுகொண்டே கீரை பறிப்பதால் என்று நினைத்திருந்தாளாம். என்னிடம் சொன்னதே இல்லை.

டாக்டர் திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். "செடி கொடி தின்னு உயிர் வாழலாம்மா. நல்லாவே வாழலாம். ஆனா ஒரே ஒரு சத்து செடியில கிடையாது. அது உன் உடம்புல தீர்ந்துபோச்சு, அதனால உன் பால்லயும் இல்லை. ஒண்ணு, அதுக்குன்னு இருக்கிற மாத்திரையை ஆயுசுக்கும் விடாம சாப்பிடு. இல்லேன்னா பாலோ முட்டையோ மீனோ கொஞ்சமாவது சாப்பிடு. எதுன்னு நீ முடிவு பண்ணு. ரெண்டும் வேணாம்னா இந்தக் குழந்தை உனக்குக் கிடையாது."

ஊசி போட்டார்கள். அந்த வாரமே குழந்தை முகத்தை நிமிர்த்திப் பார்த்தது. நாகவல்லி நாக்கைச் சுழற்றிக் காட்டினாள். அது சிரித்தது. வார்டில் அத்தனை பேருக்கு நடுவில் அவள் தன் தலையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

ஆவடி வண்டியில் திரும்பினோம். வில்லிவாக்கம் தாண்டியதும் நாகவல்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் ஒண்ண கொன்னான். இத்த நான் கொன்னுருப்பேன். நான் கொன்னிருந்தா அதுவும் அவன் கணக்குதான் நர்ஸம்மா."

பகை குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். குறையவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து அவள் யோசித்தது வேறுவிதம். மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட அவளுக்கு மனசில்லை. மாத்திரை தீர்ந்த மாதம் நான் மாற்றலாகிப் போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். திருநின்றவூர் சந்தையிலிருந்து ஒரு பெட்டை ஆட்டையும் ரெண்டு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வாங்கி வந்தாள். ஆடு ஏரிக்கரைப் புல்லை மேய்ந்தது. கோழி கீரைப்பாத்தியில் புழுவும் கரையானும் பொறுக்கியது. அதன் எச்சம் அதே பாத்தியில் விழுந்து மக்கியது. ஒரு ஈகூட வரவில்லை. வாரத்தில் ரெண்டு மூன்று முட்டை, காலையில் ஒரு ஆழாக்கு ஆட்டுப்பால், ஆவடி மார்க்கெட்டில் கடல் மீன் மலிந்த நாளில் கொஞ்சம் மத்தி. மற்றபடி பழைய கேழ்வரகும் கீரையும்தான். வரலட்சுமி தளர்நடை போட்டாள்.

மேல்புறத்துப் பண்ணையிலும் முட்டைதான், கீழ்ப்புறத்து நிலத்திலும் முட்டைதான். ஒன்று ஒரு பெண்ணைக் கொண்டுபோனது, மற்றது ஒரு பெண்ணைக் கொடுத்தது. முட்டை நல்லதா கெட்டதா என்று என்னை யாராவது கேட்டால், எந்த முட்டை என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான்.

நாகவல்லிக்கு அது நல்லது கெட்டது பற்றிய விஷயமே அல்ல. கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தபோதெல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி என்று கொண்டுபோய்க் கொடுத்தாள். இனாமாக. "இத்த வளத்துக்கோ. அவன்கிட்ட போவாத" என்பாள். மூன்று நான்கு வருடத்தில் வெள்ளானூரில் நாட்டுக்கோழி இல்லாத வாசல் இல்லை. என் எடைமிஷினில் குழந்தைகள் கனத்தார்கள். மேலதிகாரிகள் என்னைப் பாராட்டினார்கள். எல்லாம் ஒருத்தியின் வன்மத்தால் நடந்தது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

வன்மம் தீரவும் இல்லை. ஊர் வாங்காவிட்டாலும் கோவிந்தராஜின் வேன் தினமும் பட்டணத்துக்கு நிறைந்து போனது. பண்ணை நாலாவது கொட்டகை கட்டியது. அந்தக் கொட்டகைக்குக் கூரை போட்ட அன்று நாகவல்லி என் துணை சுகாதார மையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "வளந்துகினே போறான் நர்ஸம்மா" என்றாள். எழுந்து போனாள்.

தொண்ணூற்று மூன்றில் மழை பொய்த்து, கோடையில் ஏரி வெடித்துக் கிடந்தது. கோவிந்தராஜின் போர்வெல் முதலில் சேற்றைத் துப்பியது, பிறகு காற்றை. தண்ணீர் லாரி பட்டணத்துக்கே போதவில்லை. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் நின்ற கிணறு ஒன்றுதான், நாகவல்லியுடையது. அந்த ஐப்பசி மழையில் கழிவு விழுந்த பிறகு அவள் அதிலிருந்து குடிப்பதில்லை. கீரைக்கு மட்டும் இறைப்பாள். வாய்க்கால் பக்கம் அவளும் துலுக்கானமும் கரை எழுப்பியும் மேல்புறத்துக் கசிவு நின்றபாடில்லை.

ஒரு முற்பகலில் கோவிந்தராஜ் டிராக்டரில் டேங்கைக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மை கண்டு தேறியிருந்த வரலட்சுமியைப் பார்க்க வந்த நான் வேலியோரம் நின்றிருந்தேன். துலுக்கானத்துக்கு அன்று இரவு ஷிப்ட், வீட்டில் இருந்தான்.

"நாகவல்லி, ஒரு நாலு டேங்க் எடுத்துக்கறேன். சாயங்காலம் லாரி வந்துரும். அதுவரைக்கும்தான்" என்றார். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

நாகவல்லி கிணற்றில் வாளியை விட்டாள். இறைத்து ஒரு சொம்பில் ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"குடி."

"இன்னாத்துக்கு?"

"இத்தக் குடிச்சிட்டு எத்தினி டேங்க் வேணுமோ எடுத்துக்கோ."

அவர் சொம்பை வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். நாற்றம் எனக்கே தெரிந்தது. குடிக்காமல் கீழே இறக்கினார்.

"மனுசன் குடிக்கற தண்ணியா இது?" என்றார், வாய் தவறி.

"எம் பொண்ணு குடிச்சாளே" என்றாள் நாகவல்லி. சத்தம் உயரவே இல்லை. "உன் கோயிக்கு மட்டும் இன்னாத்துக்கு? ஆவாது. எடுத்துகினு போ டிராக்டர."

துலுக்கானம் அவள் பக்கம் வந்து மெல்லச் சொன்னான். "கோயி இன்னா பண்ணுச்சு? வாயில்லாத ஜீவன். குட்துடு."

"எல்லம்மா இன்னா பண்ணா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். நானும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

மத்தியானம் முழுக்கக் கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. முதலில் கூச்சல், பிறகு கேவல்போல ஒன்று, மூன்று மணிக்கு மேல் அதுவும் இல்லை. நாகவல்லி கிணற்றுமேட்டில் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். லாரி வந்தபோது பாதிக்குமேல் செத்துக் கிடந்தன.

மறுநாள் காலையில் செத்த கோழிகளை வண்டியில் போட்டு வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கே நாகவல்லி நின்றாள். அவள் குஞ்சு கொடுத்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கையில் மண்வெட்டியும் துடைப்பமுமாக அவள் பின்னால் நின்றார்கள். எல்லம்மா செத்தபோது இவர்களில் ஒருத்தர்கூடப் பண்ணை வாசலுக்குப் போய்க் கேட்டதில்லை. இப்போது வண்டி மேலே நகர முடியவில்லை.

"உன் நெலத்துல பொதை" என்றாள் நாகவல்லி. "ஆழமா. சுண்ணாம்பு போட்டு. நாங்க பாத்துகினு இருக்கோம்."

கூலியாட்கள் நாற்றம் பொறுக்காமல் பாதியில் நழுவினார்கள். கோவிந்தராஜே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அவருடைய மனைவி சொர்ணம் வாசற்படியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கடைசிக் கூடை மண் விழும்வரை நாகவல்லி வேலியை விட்டு நகரவில்லை.

அன்று அவள் வீட்டுக்குப் போனேன். மத்தி மீன் குழம்பும் முளைக்கீரை மசியலும் வைத்துத் தட்டு நிறையப் போட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"இத்தனை உயிர் போச்சே, உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றேன். பிறந்ததிலிருந்து எந்த உயிரையும் தின்னாத என் நாக்குதான் அதைக் கேட்டது.

"கஷ்டமாத்தான் கீது. அதுங்க கத்துனது காதுலயே கீது" என்றாள். ஒரு கவளம் உருட்டினாள். "ஆனா பசிக்குது நர்ஸம்மா. எம் பொண்ணு போனதுலேர்ந்து இப்பிடிப் பசிச்சதில்ல."

கோவிந்தராஜ் அதற்குப் பிறகு எழவில்லை. கொட்டகைகளைப் பிரித்தார், மாடுகளை விற்றார். தொண்ணூற்றைந்தில் அந்த நிலம் முழுவதும் கல் நட்டு மனையாகிவிட்டது. அவர் குடும்பம் காட்டுப்பாக்கத்தில் மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைசியாக அவர்கள் சந்தித்தது ஆவடி மார்க்கெட்டில், தொண்ணூற்றேழில். நான் கீரை வாங்க அவளிடம் நின்றிருந்தேன். கோவிந்தராஜ் சொர்ணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். கறி, முட்டை, நெய் எதுவும் கூடாது, கீரையும் காயும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாதியாக இளைத்திருந்தார். கடைசியில் அவருக்கும் கீரை. உட்கார்ந்திருப்பது யார் என்று கிட்டே வந்த பிறகுதான் பார்த்தார். திரும்பவும் முடியாமல் நின்றார்.

சொர்ணம் ஒரு கட்டு அரைக்கீரையை எடுத்தார். நாகவல்லி கட்டின்மேல் கைவைத்தாள். கோவிந்தராஜைப் பார்த்துக் கேட்டாள்.

"எம் பெரிய பொண்ணு பேரு இன்னா?"

கோவிந்தராஜ் வாயைத் திறந்தார். வரவில்லை. அவருக்குத் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அவர் யாரையும் கேட்டதும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எல்லம்மா" என்றார் சொர்ணம், கீழே பார்த்துக்கொண்டே.

நாகவல்லி சொர்ணத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். சொர்ணத்தின் பைக்குள் அந்தக் கட்டை வைத்து, மேலே ஒரு முளைக்கீரைக் கட்டையும் வைத்தாள்.

"நீங்க துன்னுங்கக்கா" என்றாள். "அவனுக்கு நான் குடுக்கல."

அவர்கள் கூட்டத்தில் மறைந்த பிறகு, இப்போதாவது மனசு ஆறியதா என்று கேட்டேன். கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், இல்லை என்று தலையாட்டினாள். அடுத்து வந்தவளிடம் எந்தக் கீரை வேண்டும் என்று கேட்டாள்.